பூட்டுத் திறக்கும் பொழுதுபோக்கு: எத்தனை கருவிகள் போதும்?

சாவியின்றிப் பூட்டைத் திறந்து பழகும் பொழுதுபோக்குக்கு, தொடக்கத்தில் ஐந்து கருவிகள் போதும்: இரண்டு கொக்கிக் கம்பிகள், ஓர் அலைக் கம்பி, இரண்டு திருகுத் தகடுகள். கடைகளில் இருபது, முப்பது கருவிகள் அடங்கிய பைகள் விற்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் புதியவர் கையில் பையை விட்டு வெளியே வருவதே இல்லை. எத்தனை வேண்டும், எவை வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பூட்டின் உள்ளமைப்பும் சாவித் துளையின் அகலமும்தான்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லயத்து வீட்டுக் கதவு, ஸ்டோர் அறை, வேலிக் கேட் என்று எங்கும் தொங்கும் பித்தளைப் பூட்டை எடுத்துக்கொள்ளலாம். சிரம்பான், பகாவ் கடைகளில் ‘மங்கா’ என்று கேட்டு வாங்கும் இந்தத் தொங்கு பூட்டு பெரும்பாலும் பின் பூட்டு வகை. அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1860களில் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றும் இதன் அடிப்படை. பூட்டுக்குள் சுழலும் உருளை ஒன்று இருக்கிறது. அதன் மேல் நான்கைந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு பின்கள், அவற்றை அழுத்தும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால், ஒவ்வொரு ஜோடிப் பின்னும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு சமமாக நிற்கும். உருளை சுழலும், பூட்டு திறக்கும்.

எந்தத் தொழிற்சாலையாலும் எல்லாத் துளைகளையும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் இட முடியாது. அந்தச் சிறு பிசகுதான் இந்தப் பொழுதுபோக்குக்கே வழி விடுகிறது. உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒருசேர இறுகுவதில்லை. ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதைத் தேடிப் பிடித்து மெல்ல உயர்த்தினால், விளிம்பை எட்டியதும் ‘டிக்’ என்று நிற்கும். உருளை நூலளவு நகரும். அடுத்து வேறொரு பின் இறுகும். ஒவ்வொன்றாக இப்படி நிறுத்திக்கொண்டே போனால் கடைசிப் பின்னோடு பூட்டு திறந்துவிடும்.

ஐந்து கருவிகளுக்கும் இதில் வேலை உண்டு. நுனி மட்டும் வளைந்த கொக்கிக் கம்பி பின்களை ஒவ்வொன்றாகத் தூக்குவதற்கு. குட்டைக் கொக்கி பெரும்பாலான பூட்டுகளுக்குப் போதும். முன்னே நீளமான பின்னும் அதற்கு அடுத்துக் குட்டையான பின்னும் அமைந்த பூட்டுக்குச் சற்று நீண்ட கொக்கி தேவைப்படும். அலைக் கம்பியின் நுனியில் மேடும் பள்ளமும் இருக்கும். அதை முன்னும் பின்னும் அசைத்தால் பல பின்கள் ஒரே நேரத்தில் துள்ளும். மலிவான பூட்டும் மேசை இழுப்பறைப் பூட்டும் இதற்கே திறந்துவிடுவதுண்டு. திறப்பவர் கற்றுக்கொள்வது என்னவோ கொக்கியில்தான்.

புதியவர்கள் அலட்சியம் செய்வது திருகுத் தகட்டை. உருளையைத் திருப்பிப் பிடிக்கும் இந்த வளைந்த தகடு இல்லாமல் எந்தக் கம்பியாலும் பயன் இல்லை. சாவித் துளையின் அடிப்பக்கம் செருகுவது ஒரு வகை; மேல்பக்கம், பின்கள் இருக்கும் திசையில் செருகுவது இன்னொரு வகை. துளை குறுகலாக இருந்தால் இரண்டாம் வகையே கம்பி நுழைய இடம் விடும். அழுத்தமும் மிக மென்மையாக இருக்க வேண்டும். ஓங்கி அழுத்தினால் எல்லாப் பின்களும் இறுகிப்போய் எது எதுவென்று தெரியாது. திறக்காத பூட்டுகளில் பல, கை அழுத்தம் கூடியதால்தான் திறப்பதில்லை. கம்பியை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் அது சரியாகாது.

கருவியின் தடிமனும் முக்கியம். பொதுவாகக் கிடைக்கும் கம்பிகள் சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமன் உள்ளவை. வளைவு நெளிவான குறுகிய துளைக்கு 0.4 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். அது எளிதில் வளையும், உடையும். ஆகவே முதலில் தடிமனானதில் பழகி, பூட்டு கேட்டால் மட்டும் மெல்லியதை வாங்குவது நல்லது.

வாங்காமல் செய்துகொள்ளவும் முடியும். இரும்பறுக்கும் ரம்ப பிளேடு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான். சாணைக்கல்லில் தேய்த்து அதைக் கொக்கியாக்கலாம். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். இரும்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கம்பி வளைந்துவிடும். ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் வழவழப்பாக்கினால் பின்னின் அசைவு விரலுக்குத் தெளிவாகத் தெரியும். கார் வைப்பர் ரப்பருக்குள் இருக்கும் எஃகுத் தகடு, திருகுத் தகடு செய்ய ஏற்றது.

ஐந்துக்கு மேல் எப்போது போவது? பூட்டின் வகை மாறும்போது. திண்டுக்கல் பூட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவினைப் பூட்டுகளில், மாங்காய்ப் பூட்டு உள்ளிட்ட பலவற்றில் பின்களுக்குப் பதில் நெம்புத் தகடுகள் இருக்கின்றன. அவற்றிடம் கொக்கியும் அலைக் கம்பியும் செல்லாது; தகடுகளைத் தூக்கும் கம்பியும் தாழ்ப்பாளைத் தள்ளும் கம்பியும் சேர்ந்த தனிக் கருவி வேண்டும். சாவியின் பக்கவாட்டில் குழிகள் உள்ள பூட்டு, சுழலும் வட்டுகள் உள்ள பூட்டு, குழாய்ச் சாவிப் பூட்டு ஆகியவையும் தத்தமக்கென்று கருவி கேட்பவை.

1851-இல் லண்டன் மாபெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக் கைவினைஞர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் இதை உலகறியக் காட்டினார். யாராலும் திறக்க முடியாதென்று பெயர் பெற்ற சப் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் 200 கினி பரிசோடு சவால் விட்டுக்கொண்டிருந்த பிராமா பூட்டுக்கோ, அதற்கென்றே கருவிகள் அமைத்து, 16 நாட்களில் 51 மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது. பால்மரம் சீவுபவர் ஒரே கத்தியில் நிரை முழுவதும் முடிப்பதுபோல, ஒரே வகைப் பூட்டுகளுக்கு அதே சில கருவிகள் போதும். வகை மாறினால் ஹாப்ஸுக்கும் வேறு கருவிதான்.

கருவி வைத்திருப்பதில் சட்டமும் உண்டு. மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டம், தக்க காரணம் இன்றி வீடு உடைக்கும் கருவிகளை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே இந்தக் கம்பிகள் வீட்டு மேசையிலேயே இருக்கட்டும். சட்டைப் பையிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ எடுத்துச் செல்லக் கூடாது. பூட்டுத் திறக்கும் சங்கங்கள் உலகெங்கும் இரண்டு விதிகளை வைத்திருக்கின்றன. தனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடக் கூடாது. சொந்தமே ஆனாலும், பயன்பாட்டில் உள்ள பூட்டைத் திறந்து பழகக் கூடாது. பின்னோ ஸ்பிரிங்கோ கெட்டால் சாவி இருந்தும் வெளியே நிற்க நேரும்.

எனவே புதியவர் ஐந்து கருவிகளோடு தொடங்கி, மிச்சப் பணத்தில் வெவ்வேறு பூட்டுகளை வாங்குவதே புத்திசாலித்தனம். ஒரு பூட்டு திறக்க மறுத்து, அது ஏன் மறுக்கிறது என்பதும் விளங்கிய பிறகு ஆறாவது கருவியை வாங்கலாம்.