துளிரில் பூக்கும் செம்பருத்தி

வீட்டு முற்றத்திலும் மதிலோரத்திலும் மாடித் தொட்டியிலும் வளர்க்கப்படும் பூச்செடிகளுள் செம்பருத்தியைப் போல எளிதில் பிழைத்துக்கொள்ளும் செடிகள் சிலவே. ஆயினும், நட்டு ஓராண்டு இரண்டாண்டு ஆன பின் பூ குறைந்துவிட்டது என்ற மனக்குறைக்கும் இச்செடியே அடிக்கடி ஆளாகிறது. அதற்கான காரணம் பெரும்பாலும் அது பூக்கும் முறையில் அடங்கியிருக்கிறது. முதிர்ந்த கிளையில் செம்பருத்தி பூப்பதில்லை. நீண்டுகொண்டிருக்கும் துளிரின் நுனிப்பக்கத்தில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்காகிய இலைக்கோணத்தில், இலைக்கொன்றாக மொட்டு தோன்றுகிறது. காலையில் விரியும் பூ, நீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும், பொதுவாக அன்று மாலையே சுருங்கிவிடுவதால், நாள்தோறும் பூ வேண்டுவோரின் செடியில் நாள்தோறும் சில கிளைகளாவது வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். நீர், உரம், கவாத்து, பூச்சிக்கட்டுப்பாடு எனச் செய்யப்படும் பணிகள் யாவும் இந்த ஒரு தேவையை முன்னிட்டவையே.

பூவின் அமைப்பு

1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் சூட்டிய ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்னும் பெயராலேயே தாவரவியலார் இன்றும் இச்செடியைக் குறிக்கின்றனர். பருத்தி, வெண்டை, பூவரசு, புளிச்சைக்கீரை ஆகியவை இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெண்டைப்பூவையும் செம்பருத்தியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு விளங்கும். இரண்டிலும் பச்சைப் புல்லிவட்டத்துக்கு வெளியே புறப்புல்லி எனப்படும் மெல்லிய இதழ்களின் வட்டம் ஒன்று கூடுதலாக இருக்கும். மகரந்தத் தாள்கள் தனித்தனியே நில்லாமல் ஒன்றோடொன்று இணைந்து ஒரு குழலாகிச் சூல்தண்டைச் சூழ்ந்திருக்க, அக்குழலைத் தாண்டி நீளும் சூல்தண்டின் முனையில் ஐந்து சிவந்த சூல்முடிகள் தெரியும். அடுக்குச் செம்பருத்தியில் இம்மகரந்தத் தாள்களுள் பல இதழ்களாக மாறிவிடுவதே அதன் நெருக்கமான தோற்றத்துக்குக் காரணம்.

மணமின்றிச் சிவந்த நிறமும் மிகுந்த தேனும் கொண்ட இப்பூவைத் தேன்சிட்டுகள் நாடி வருகின்றன. ஆயினும் வீடுகளில் வழக்கமாக வளரும் சிவப்பு வகைகள் காய்ப்பது அரிதாகையால், இச்செடி விதையால் அன்றிப் பதியத்தாலும் வெட்டிய கிளையாலுமே தலைமுறை தலைமுறையாகப் பரவி வருகிறது.

வெயில், மண், நீர்

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடமே செம்பருத்திக்கு ஏற்றது. நிழலிலும் துளிர் வரும். ஆனால் அத்துளிர் வெளிச்சம் தேடி மெலிந்து நீளுமேயன்றி மொட்டுகளை அதிகம் தாங்காது. நீர் தேங்காத மண் இன்றியமையாதது என்பதால், தொட்டியில் வளர்ப்போர் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள, ஓரடிக்குக் குறையாத வாய் அகலமுடைய தொட்டியில் நடலாம். கோடையில் தொட்டிச் செடிக்கு நாள்தோறும், தேவையானால் இரு வேளையும் நீர் வேண்டும். மழைக்காலத்தில் மேல்மண்ணை விரலால் தொட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது போதும்.

நீர் ஒரு நாள் தவறினாலும் மொட்டுகள் உதிர்வதைப் பலரும் கண்டிருப்பர். பூக்காம்பின் மேற்பகுதியை உற்று நோக்கினால் மெல்லிய வளையம் போன்ற ஓர் இணைப்பு தென்படும். வறட்சி, கடும் வெப்பம், பூச்சித் தாக்குதல் ஆகியவற்றால் செடி நெருக்கடிக்கு உள்ளாகும்போது அவ்விடத்திலேயே மொட்டு கழன்று விழுகிறது. உதிர்ந்த மொட்டைப் பிளந்து பார்த்து, உள்ளே புழு இருந்தால் பூச்சியென்றும், ஏதுமில்லையெனில் முதலில் நீரையும் வெப்பத்தையும் கவனிக்க வேண்டுமென்றும் முடிவு செய்வது எளிய சோதனையாகும்.

உரம்

தழைச்சத்து மிகுந்த யூரியா போன்ற உரங்களை மட்டும் இட்டால் செடி இலையாகவே பெருகும்; பூவுக்குச் சாம்பல்சத்தும் வேண்டும். மண்புழு உரத்தையும், ஊறவைத்து நீர்த்த கடலைப்புண்ணாக்கையும் மாதத்துக்கொரு முறை சிறிதளவு கொடுத்து, இடையிடையே கையளவு மரச்சாம்பலைத் தூவுவது வீட்டுச் செடிக்குப் போதுமானது. ஆயினும் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் பாயும் இடங்களில் சாம்பலைத் தவிர்ப்பது நல்லது. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர்களால் அதை எடுக்க இயலாமையால், நுனி இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கும் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் சில துளி எலுமிச்சைச் சாற்றோடு கரைத்து, மாலையில் இலைகளில் தெளித்தால், புதிதாக வரும் இலைகள் பசுமை பெறும்.

கவாத்து

பூ குறைந்த பழைய செடிக்குத் தலையாய மருந்து கவாத்து, அதாவது கிளைகளை முறையாக வெட்டிவிடுதல். மார்கழிக் குளிர் நீங்கியதும் தை, மாசி மாதங்களில் கிளையின் நீளத்தில் மூன்றிலொரு பங்கை, வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், வெயில் ஏற ஏற வெட்டின் கீழுள்ள கணுக்களிலிருந்து பக்கத் துளிர்கள் புறப்படும். அத்துளிர்கள் பூக்கச் சுமார் இரண்டு மாதம் ஆகுமாதலால், பூசைக்கு நாள்தோறும் பூப்பறிப்போர் எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் வெட்டிவிடாமல், முதலில் மூன்றிலொரு பங்கு கிளைகளையும் சில வாரம் கழித்து அடுத்த பங்கையும் என முறைவைத்து வெட்டினால் பூ இடையறாது. கத்திரி வெயிலின் உச்சத்தில் மட்டும் கத்தரிக்கோலை எடுக்காதிருப்பது நல்லது.

மாவுப்பூச்சி

துளிரை நம்பியிருக்கும் செடிக்கு வரும் பகையும் துளிரையே தேடி வருகிறது. வெண்மெழுகு போர்த்திய மாவுப்பூச்சிகள் நுனியில் கூடிச் சாற்றை உறிஞ்ச, துளிர் குறுகிச் சுருண்டு கொத்தாகிவிடும். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் மொய்த்து அவற்றுக்குக் காவலாகின்றன, அந்நீர் படிந்த இலைகளில் கரும்பூசணம் படர்கிறது. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றோடு செம்பருத்தியையும் பற்றிக்கொண்டது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட நுண்ணிய குளவிகள், அப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்று, மருந்தடிப்பால் இயலாததைச் செய்துகாட்டின.

வீட்டுத் தோட்டத்தில், சுருண்ட நுனிகளை வெட்டி அப்புறப்படுத்தி, எஞ்சிய இடங்களை நீர்த்தாரையால் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி லிட்டர் வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து வாரமொரு முறை தெளிப்பது போதும். பூ தெய்வத்துக்கும், அரைத்தால் வழவழப்பாகும் இலை தலைக்கும் பயன்படுவதால், நச்சு மருந்துகளைத் தவிர்ப்பதே முறை. மாவுப்பூச்சிகளுக்கிடையே அவற்றைவிடப் பெரிதாக, நீண்ட வெண்ணிற இழைகளோடு விரைந்து ஊரும் புழு தென்பட்டால் அதைக் கொல்லலாகாது. அது மாவுப்பூச்சியை உண்ணும் பொறிவண்டின் குஞ்சு.

புதிய செடி

கவாத்தில் விழும் கிளைகளையும் வீணாக்க வேண்டியதில்லை. ஆடி முதல் ஐப்பசி வரையிலான ஈரக்காற்றில் வெட்டுபவை இன்னும் எளிதாக வேர்விடும். பென்சில் பருமனும் ஆறு அங்குல நீளமும் உள்ள, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய குச்சியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, ஈர மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த கலவையில் நிழலில் ஊன்றினால், மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். வேர் வருமுன்பே குச்சியில் இருக்கும் சத்தைக்கொண்டு இலை துளிர்த்துவிடக்கூடும் என்பதால், முதல் துளிரைக் கண்டதும் பிடுங்கி நடுவது தவறு. வேர்பிடித்த கன்று ஓரடி வளர்ந்ததும் அதன் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு நுனி இரண்டு மூன்றாகக் கிளைத்து, அவையும் ஒருமுறை கிள்ளப்பட்டு மேலும் பெருகும்வரை பூவுக்கு அவசரப்படாதவருக்கு, பின்னர் பூக்கூடைக்குக் குறைவிராது.