இரண்டரை பெசோ கூலி

ஜூலியோவுக்கு நாள் கூலி இரண்டரை பெசோ. சம்பளப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே எழுதியிருப்பதோ நான்கு பெசோ. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். சில வாரம் 'பணம் இன்னும் வரலை' என்று கைவிரிப்பார்கள். அவசரம் என்பவனுக்கு மேஸ்திரியே தருவார், அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு. இந்த ஏற்பாட்டுக்குத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'தைவான்'.

பிலிப்பைன்ஸ் இயக்குநர் லினோ ப்ரோக்கா 1975-இல் எடுத்த 'வெளிச்சத்தின் நகங்களில் மணிலா' படத்தில் என்னை அதிகம் உலுக்கியது இந்தக் கூலிக் கணக்குதான். காதல் கதைகூட அதற்கு அடுத்தபடிதான்.

மரிந்துக்கே தீவின் மீனவ இளைஞன் ஜூலியோ. வேலையும் படிப்பும் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு பெண்மணி மணிலாவுக்கு அழைத்துப்போன காதலி லிகாயாவைத் தேடி வருகிறான். கைக்காசு கரைந்து, கட்டட வேலைக்குப் போன முதல் நாளே பசியில் சுருண்டு விழுகிறான். தன் சோற்றில் பங்கு கொடுப்பவன் அதோங் என்ற சக தொழிலாளி. பாடகனாகும் கனவோடு திரிந்த ஒருவன் வேலையிடத்தில் செத்துப்போகிறான், வேலை நிற்பதில்லை. பிறகு அதோங்கும் சிறையில் சாகிறான்.

எட்கார்டோ ரெயெஸ் 'லிவாய்வாய்' வார இதழில் தொடராக எழுதிய நாவல்தான் மூலம். படத்தைத் தயாரித்து ஒளிப்பதிவும் செய்தவர் மைக் டி லியோன். கறுப்பு வெள்ளையில் தொடங்கி வண்ணத்துக்கு மாறும்போதும் நகரம் அழகாகிவிடுவதில்லை. அழுக்கு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நாட்டில் அதிபர் மார்க்கோஸின் ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம் அது. அப்போது தலைநகரை இப்படிக் காட்ட நெஞ்சுரம் வேண்டும்.

ஆனாலும் ஓரிடத்தில் ப்ரோக்கா சறுக்குகிறார். லிகாயாவை அடைத்துவைத்திருப்பவன் சைனாடவுனின் ஆ-டெக் என்ற சீனன். அந்தப் பாத்திரத்துக்கு முகமும் பணமும் உண்டு, மனம் கிடையாது. படத்தில் சீனர் வெறுப்பு இருக்கிறது என்ற விமர்சனத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. சுரண்டல் எப்படி நடக்கிறது என்று பைசா சுத்தமாகக் காட்டிய படம், தண்டிக்க ஆள் தேடும்போது அந்நியன் ஒருவனைக் கைகாட்டுகிறது. ஜூலியோ அவனைக் குத்திக் கொல்கிறான். தெருவே ஜூலியோவைத் துரத்துகிறது. நான்கு என்று எழுதி இரண்டரை கொடுத்தவர்கள் பக்கம் யாரும் ஓடவில்லை.