மாட்டுக்காரன் பாட்டும் அதன் ஆக்கியோனும்

ஆனிரை மேய்ப்போர் பாடல் என்றவுடன் தமிழ் கற்றார் நெஞ்சில் எழுவன முல்லைக்கலியும் ஆய்ச்சியர் குரவையுமே. பெரும்பாணாற்றுப்படையோ நுணுக்கமான செய்தியொன்றைத் தருகின்றது. தீயால் துளையிட்ட குழலில் பாலைப்பண் இசைத்த இடையன், அது சலித்தபின், குமிழின் உட்டுளைக் கொம்பில் மரல்நார் பூட்டி வில்யாழ் ஆக்கிக் குறிஞ்சிப்பண் இசைக்கின்றான். முல்லை நிலத்தான் பிறநிலப் பண்ணை விலக்கினானல்லன் என்பது ஈண்டு நினையத்தகும்.

1987-இல் வெளிவந்த ‘எங்க ஊரு பாட்டுக்காரன்’ திரைப்படத்துச் ‘செண்பகமே’ என்னும் பாட்டு இவ்வகையில் ஆராய்தற்குரியது. பாட்டெழுதிப் படத்தை இயக்கியவர் கங்கை அமரன்; இசையமைத்தவர் அவர்தம் தமையனார் இளையராசா. இருவரும் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தார். மூத்தவரான பாவலர் வரதராசனோடு பொதுவுடைமை மேடைகளில் ஊர்தோறும் பாடிப் பயின்றவர். மனோவும் ஆஷா போஸ்லேயும் இதனைத் தனித்தனியே பாடினர். பாட்டுப் பாடிப் பால் கறக்கும் இராமராசன் உருவம் இன்றும் மக்கள் நகைச்சுவையில் வாழ்கின்றது.

இதனை நாட்டுப்புறப் பாடலெனத் தொகுக்கலாமா? கூடாதென்பதே நம் கருத்து. அமெரிக்க மாட்டுக்காரர் பாட்டாகிய ‘ஓம் ஆன் தி ரேஞ்சு’ இதற்குச் சான்று. கான்சாசு மாநிலத்து மருத்துவர் புரூசுட்டர் இக்லி 1870-களின் தொடக்கத்தில் எழுதிய செய்யுள் அது. மெட்டமைத்தவர் டேனியல் கெல்லி. வாய்வழிப் பரவிய காலத்தே இருவர் பெயரும் மறைந்தன. சான் லோமாக்சு 1910-இல் வெளியிட்ட தொகுப்பில் அஃது ஆசிரியர் பெயரின்றியே இடம்பெற்றது. 1934-இல் அரிசோனா மாநிலத்து இணையர் அதனைத் தமதெனக் கூறி ஐந்து இலட்சம் டாலர் கேட்டு வழக்காடினர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நாடெங்கும் தேடி இக்லியின் பெயரை மீட்டார். தொகுத்தோர் செய்யவேண்டிய பணியை வழக்கறிஞர் செய்தார்!

எனவே, கள ஆய்வில் எவரேனும் செண்பகப் பாட்டைப் பாடின், ஆக்கியோர் பெயரும் ஆண்டும் குறித்துத் தனியே வைத்தல் வேண்டும். மாணாக்கர் விரைந்து பதியவேண்டியன வேறுள. தேனி மலைமாட்டுக் கிடைகளில் மாட்டை விளிக்கும் ஓசைகளும், வழியிடைப் பாட்டுகளும் அவை. மேகமலைக் காடு 2021-இல் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலைத் தடுத்து, பின்னர் அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்னும் எல்லைக்குள் நிறுத்தியது. மேய்ச்சல் வழி சுருங்கின், அவ்வழியிற் பாடுவோரும் குறைவர். திரைப்பாட்டுக்கு இசைத்தட்டுண்டு; கிடைக்காரன் விளிக்கு அவன் தொண்டையன்றிப் பிறிதில்லை.