பணம் கட்டியும் பொருள் வரவில்லையா?

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ளது ராயகிரி. நெல், கரும்பு, தென்னை, எலுமிச்சை பயிராகும் வட்டாரம் இது. தெளிப்பான், தார்ப்பாய், சொட்டுநீர்க் குழாய் போன்ற சாமான்களுக்கு டவுனுக்குப் போய்வந்த விவசாயிகள் பலர் இப்போது செல்போனிலேயே ஆர்டர் கொடுத்துவிடுகின்றனர். முன்பு விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டால் சாமான் வி.பி.பி.யில் தபாலாபீசுக்கு வரும். அங்கே பணம் கட்டிப் பார்சலை வாங்கலாம். இணையதள வியாபாரத்திலோ பெரும்பாலும் பணம் முதலில் போகிறது, பொருள் பிறகு வருகிறது. வராமல் போனால் என்ன செய்வது?

உதாரணமாக, நெற்பயிரில் புகையான் தோன்றும் சமயத்தில் பேட்டரி தெளிப்பானுக்கு 3,000 ரூபாய் கட்டியதாக வைத்துக்கொள்வோம். ஏழு நாளில் வரும் என்று சொன்னது பதினைந்து நாளாகியும் வரவில்லை. செல்போனிலோ, 'பொருள் ஒப்படைக்கப்பட்டது' என்று காட்டுகிறது. புகையான் காத்திருக்காது. ஆகவே இரவலாகவோ வாடகைக்கோ தெளிப்பான் பெற்று முதலில் பயிரைக் காப்பாற்ற வேண்டும். பணத்துக்கான முயற்சியைத் தனியே, ஆனால் அன்றைக்கே தொடங்க வேண்டும்.

மூன்றில் எது?

பணம் போன விதத்தை முதலில் தெரிந்துகொள்ளுதல் அவசியம். அதற்கேற்பவே வழியும் மாறும்.

முதலாவது, கணக்கில் பணம் கழிந்தும் வியாபாரிக்குச் சேராமல் இடையில் நின்றுபோவது. இதற்கு வங்கியே பொறுப்பு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, யு.பி.ஐ. மூலம் கடைக்குச் செலுத்தி இவ்வாறு நின்றுபோன பணம் 5 நாட்களுக்குள் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

இரண்டாவது, கம்பெனி உண்மையானது, பணமும் சேர்ந்துவிட்டது, ஆனால் பொருள் வரவில்லை. இது நுகர்வோர் புகார்.

மூன்றாவது, கம்பெனியே போலி. இது மோசடி. இதற்கு 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். பணம் மோசடிக்காரர் கையை விட்டுப் போகுமுன் வங்கிகள் மூலம் அதை நிறுத்தி வைக்க முயல்வர். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆகவே நாலு பேரிடம் யோசனை கேட்டுக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. சூரிய சக்தி பம்புசெட்டுக்கான 'பி.எம். குசும்' திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் வசூலித்ததை மத்திய அரசே எச்சரித்துள்ளது. அத்தகைய அறிவிப்பைக் கண்டால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

சேர்த்து வைக்க வேண்டிய சான்றுகள்

ஆர்டர் எண், விளம்பரத்தில் சொன்ன விலை, தருவதாகச் சொன்ன தேதி, பணம் கட்டியதற்கான யு.டி.ஆர். எண், கம்பெனியுடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைச் செல்போனில் படமாகப் பிடித்து, ஒரு பிரதி அச்செடுத்தும் வைத்துக்கொள்வது நலம். பொருளை ஒப்படைத்துவிட்டதாக கம்பெனி சொன்னால், யாரிடம், எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் அல்லது எந்த ஓ.டி.பி.யில் ஒப்படைக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு மட்டும் போதாது.

புகார் செய்யும் முறை

2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகளின்படி, இணையதள வியாபாரக் கம்பெனி ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தடுக்க முடியாத காரணத்தால் ஏற்பட்ட தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பிந்தி வந்ததற்கே இந்த விதி என்றால், வராத பொருளுக்குப் பணத்தைக் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.

கம்பெனி அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். இது சமரசம் பேசும் ஏற்பாடே தவிர, தீர்ப்புச் சொல்லும் இடமன்று. ஆயினும் பல புகார்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

இதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். 1986-ஆம் வருடச் சட்டப்படி எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, வழக்குக்கான காரணம் ஏற்பட்ட ஊரிலோதான் மனுச் செய்ய வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருடச் சட்டமோ, மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்ய இடம் தருகிறது. கம்பெனி பெங்களூரிலோ டில்லியிலோ இருக்கட்டும், ராயகிரி விவசாயி அங்கே போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை. வழக்குக்கான காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

விவசாயி நுகர்வோரா?

'தொழிலுக்காக வாங்கினீர்கள், ஆகவே நீங்கள் நுகர்வோர் அல்ல' என்று சில கம்பெனிகள் வாதிடக்கூடும். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்று வாங்குவோரும் நுகர்வோரே என்று சட்டம் கூறுகிறது. தரமற்ற விதையால் நஷ்டமடைந்த ஆந்திர விவசாயிகள் மீது தேசிய விதைக் கழகம் நடத்திய வழக்கிலும் இதே வாதம் வைக்கப்பட்டது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்து, விவசாயிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

எச்சரிக்கை

பணத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் ஏமாறுவோரும் உண்டு. கம்பெனியின் போன் நம்பரை இணையத்தில் தேடி எடுத்தால் மோசடிக்காரர் நம்பர் அகப்படலாம். ஆகவே ஆர்டர் கொடுத்த செயலியில் உள்ள நம்பரையே பயன்படுத்த வேண்டும். பணம் வந்துசேர ரகசிய பின் நம்பரைப் போட வேண்டியதே இல்லை. அப்படிப் போடச் சொல்பவர் பணம் தருபவரல்ல, எடுப்பவர். அதுபோல், டெலிவரிக்கான ஓ.டி.பி.யைப் பார்சல் கைக்கு வந்த பிறகே சொல்ல வேண்டும். புதிய கம்பெனியிடம் முதல் தடவை வாங்கும்போது, பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் கொடுக்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நலம்.