காயலான் கடைப் படகு

மலருக்குக் கட்டுரை கேட்ட மன்றச் செயலாளர், "சங்க இலக்கியத்தில் கலங்கள் என்று எழுதேன், நீதான் படகுப் பைத்தியமாயிற்றே" என்றார். நாவாய், தோணி, அம்பி, ஓடம் என்று அடுக்கிச் செல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சென்ற கோடை விடுமுறை முழுவதும் நான் கட்டிப் புரண்ட படகு இலக்கியக் கடலில் மிதந்ததன்று. அது எங்கள் வீட்டுச் சந்தில், செங்கல் அடுக்கின்மேல் கவிழ்ந்து கிடந்தது. நீளம் 12 அடி. எடை ஏறக்குறைய 60 கிலோ. உடல் முழுதும் அலுமினியம். அதைப் பற்றியே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

எங்கள் வீடு டிராம்பேயில், சீத்தா கேம்ப்பில் இருக்கிறது. 1976-இல் ஜனதா காலனியை அகற்றியபோது அங்கிருந்த மக்களைக் கொண்டுவந்து இருத்திய இடம் இது. அன்று தாத்தா தகரத்தையும் சாக்கையும் தலையில் சுமந்து வந்தார். அவர் விரலைப் பிடித்து நடந்து வந்த அப்பாவுக்கு வயது ஏழு. வளர்ந்தபின் அப்பா தாருகானாவில் கேஸ் கட்டர் வேலைக்குச் சேர்ந்தார். மும்பையின் கிழக்குக் கரையில் பழங்கப்பல்களை உடைக்கும் இடம் தாருகானா. முப்பது ஆண்டுகள் கப்பல்களைத் துண்டு துண்டாக வெட்டிய மனிதர் அவர். அங்கே ஒரு நாள் இந்தச் சிறு படகு, பழைய இரும்போடு இரும்பாக வந்து சேர்ந்தது. மறுநாள் உலைக்குப் போகவேண்டியதை எடை போட்டு, காயலான் கடை விலைக்கே வாங்கி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"நாலு பேர் கால நீட்டிப் படுக்க இடமில்ல, இதுல படகு வேறயா?" என்றார் அம்மா. அப்பா வாய் திறக்கவில்லை. இரவு என்னிடம் மட்டும், "இத்தன வருஷமா வெட்டித்தாம்லே பாத்திருக்கேன். ஒண்ணையாவது மிதக்க விட்டுப் பாக்கணும்" என்றார்.

அப்பாவின் நண்பர் ஒருவர் டிராம்பே கோலிவாடாவைச் சேர்ந்த மீனவர். நான் அவரைக் காகா என்பேன். அவர் அப்பாவை அண்ணா என்பார். அவருடைய பெரிய படகு கழிமுகத்தில் தள்ளி நிற்கும். அதற்குப் போய்வரவும், ஓரமாகச் சிறு வலை விடவும் வைத்திருந்த மரத்தோணி உளுத்துப் போயிருந்தது. அந்த இடத்துக்குத்தான் இந்தப் படகு. அதில் நாள்தோறும் ஏறப்போகிறவர்கள் காகாவும் அவர் மகனும். ஆகவே எங்கள் வேலை அழகு பார்க்கும் வேலை அன்று. நாங்கள் தவறினால் தண்ணீரில் விழுவது அவர்கள்.

முதல் நாள் படகைக் கழுவியபோதே ஒன்று கண்ணில் பட்டது. அடிப்பகுதியில் ஒரு விரிசலை மூட, முன்பு யாரோ உள்ளங்கையளவு பித்தளைத் தகடு வைத்துப் பித்தளைப் போல்ட்டு முடுக்கியிருந்தார்கள். பித்தளை பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றிலும் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. அப்பா திருப்புளியை மெல்ல ஊன்றினார். அது மறுபக்கம் வந்துவிட்டது. தகட்டின் கனம் மற்ற இடங்களில் 1.6 மில்லிமீட்டர், பித்தளையின் ஓரத்தில் 0.6. ஆய்வுக்கூடத்தில் அனுமதி பெற்று வெர்னியர் எடுத்துவந்து அளந்தேன்.

"அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு சொல்வாங்களே. படிச்சவன் நீதானே, சொல்லுலே" என்றார் அப்பா.

உண்மையில் அலுமினியத்தைப்போல் விரைந்து துருப்பிடிக்கும் உலோகம் குறைவு. அதைச் சுரண்டிய அந்தக் கணமே காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மேலே ஒரு தோல் படர்ந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் அதில் நாலைந்து கூறுதான் அத்தோலின் கனம். ஆனால் இரும்பின் துரு பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்து அடியிலுள்ள இரும்பை மேலும் மேலும் வெளிக்காட்டுகிறது. அலுமினியத்தின் துருவோ உடலோடு ஒட்டி, காற்றும் நீரும் உட்புகாமல் காக்கிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே பொருளின் படிகங்கள்தாம். நாம் உரசப் பயன்படுத்தும் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் மணல் போன்ற பொடியும் பெரும்பாலும் இதுவே. படகைத் தேய்க்க நாங்கள் வாங்கியது அதன் துருவையேதான் என்று சொன்னபோது அப்பா நம்பாமல் சிரித்தார்.

இத்தோலைக் கெடுப்பவை மூன்று: உப்பு, காரம், அயல் உலோகம். கடலுப்பிலுள்ள குளோரைடு தோலில் ஊசிமுனைப் பொத்தல்களை இடுகிறது. அங்கே பித்தளையும் கூடிவிட்டால் கேட்கவே வேண்டா. இரு உலோகங்கள், நடுவே உப்பு நீர். இது டார்ச் விளக்கின் பாட்டரியன்றி வேறென்ன? கழிமுகத்து நீரை வாளியில் எடுத்து, ஒரு அலுமினியத் துண்டையும் பித்தளைத் துண்டையும் அமிழ்த்தி மீட்டர் வைத்தேன். ஏறக்குறைய அரை வோல்ட் காட்டியது. அந்த மின்னோட்டத்துக்கு விலையாகக் கரைந்து போவது அலுமினியம். பித்தளைக்கு ஒரு கேடும் இல்லை. அது பளபளத்ததன் இரகசியம் இதுதான்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1895-இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்ற பெரும் படகுச் சிற்பி, பந்தயத்துக்கென்று 'டிஃபெண்டர்' என்ற பாய்மரக்கப்பலைக் கட்டினார். நீருக்குக் கீழே வெண்கலத் தகடு, மேலே அலுமினியம், உள்ளே எஃகு விலா. இலேசாக இருந்தது, அமெரிக்கா கோப்பையையும் வென்றது. ஆனால் மூன்று உலோகங்களையும் கடல் நீர் ஒன்றோடொன்று மோதவிட்டது. 1901-இல் அதை உடைத்துப் போட்டார்கள். ஆறே ஆண்டு! மலிவாக அலுமினியம் பிரித்தெடுக்கும் வழியை ஹாலும் எரூவும் 1886-இல்தான் கண்டிருந்தார்கள். உலோகம் புதிது, அதன் குணம் யாருக்கும் பழகவில்லை. இன்று கடற்படகுகளுக்கென்று மக்னீசியம் கலந்த அலுமினியம் கிடைக்கிறது. அது உப்பை நன்றாகத் தாங்கும். செம்பு கலந்த ஆகாயவிமான வகை வலிமையில் சிறந்தது, உப்பு நீரில் மோசமானது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவில் கிரம்மன் என்ற விமானக் கம்பெனி அலுமினியத் தோணிகள் செய்யத் தொடங்கிற்று. விமானத் தகட்டை ரிவிட் அடித்த கைகளே தோணிக்கும் அடித்தன.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த மடமையை இனிச் சொல்லவேண்டும். படகில் பழைய பெயின்ட் பொறுக்குப் பொறுக்காக ஒட்டியிருந்தது. சுரண்டச் சோம்பல்பட்டு, பெயின்ட் நீக்கும் பொடி ஒன்றைக் கடையில் வாங்கிக் கரைத்து முன்பக்கம் பூசினேன். டப்பாவில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. பொடியில் பெரும்பகுதி காஸ்டிக் சோடா! காரம் பட்டால் அலுமினியத்தின் தோல் கரைந்துவிடும்; பிறகு உலோகமே நீரோடு போராடி ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். பள்ளி மாணவனும் அறிந்த பாடம் இது. நுரை பொங்கிற்று, தகடு கைவைக்க முடியாதபடி சுட்டது. அப்பா பீடியோடு எட்டிப் பார்க்க வந்தார். "பீடியைத் தூரப் போடுங்க!" என்று நான் கத்திய கத்தலில் சந்து முழுவதும் வெளியே வந்துவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வினிகர் தெளித்து, மறுபடி கழுவினோம். அந்த இடம் கறுத்து, சொரசொரத்துப் போயிற்று. நல்லவேளை, அது நீர்மட்டத்துக்கு மேலே. மீதி பெயின்ட்டை மரக்கரண்டியாலும் உப்புத்தாளாலும் இரண்டு வாரம் உட்கார்ந்து எடுத்தேன். இரும்புக் கம்பி பிரஷைத் தொடக்கூடாது. அதன் துகள் தகட்டில் பதிந்தால் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிப் பாட்டரி.

விரிசலை வெல்டிங் செய்துவிடலாம் என்றுதான் அப்பா முதலில் நினைத்தார். கைவசமுள்ள தொழில் அல்லவா? ஆனால் அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் தோல் உருகவோ 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் நீராகிவிட்ட பிறகும் மேலே தோல் விறைத்து நிற்கும். இரும்பைப்போல் சிவந்து காட்டி எச்சரிக்கும் வழக்கமும் இதற்குக் கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று ஓட்டையாகி விழும். ஆர்கன் வாயுவும் மாறுமின்னோட்டமும் உள்ள கருவியால் செய்யலாம். அது எங்களிடம் இல்லை. அப்பா ஒரு துண்டில் முயன்று பார்த்தார். மூன்று துளைகள் விழுந்தபின் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, ரிவிட்டே அடிப்போம்" என்றார்.

அரித்த பகுதியைக் கத்தரித்து, அதே வகை அலுமினியத் தகட்டை உட்புறம் வைத்து, இடையில் பாலியூரித்தேன் பசை தடவி, அலுமினிய ரிவிட் அடித்தோம். இது இருவர் வேலை. வெளியே ஒருவர் சுத்தியலால் தட்ட, உள்ளே ஒருவர் ரிவிட்டின் வாலில் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்கவேண்டும். படகுக்குள் மல்லாந்து கிடந்து கட்டியைப் பிடித்தவன் நான். காது ஒரு வாரம் இரைந்தது. ஆனால் ஒன்று கற்றேன்: ரிவிட் இறுகிவிட்டால் ஓசை மாறும். அப்பா அதைக் கேட்டுத்தான் நிறுத்துவார், எண்ணி அடிப்பதில்லை.

ஒழுகும் பழைய ரிவிட்டுகளைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. படகை நிமிர்த்தி, அடி நன்றாகத் தாங்கும்படி மரக்கட்டைகளில் வைத்து, உள்ளே நான்கு விரற்கடை தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே எங்கெங்கு சொட்டுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டமிடுங்கள். நிறைய ஊற்றினால் பாரத்தில் தகடு வளைந்துவிடும். எங்கள் படகில் 41 வட்டங்கள் விழுந்தன. பெரும்பாலானவை மறுபடி தட்டியதும் அடைந்தன. ஒன்பதைத் துளையிட்டு அகற்றி, ஒரு சுற்றுப் பருத்த ரிவிட் போட்டோம்.

என்ஜின் மாட்டும் பின்பலகை உளுத்திருந்தது. பதப்படுத்திய மரம் நீடித்து உழைக்குமே என்று கடைக்காரர் வற்புறுத்தினார். பதப்படுத்தும் மருந்துகள் பலவற்றில் செம்பு உப்பு உண்டு. ஈரம் பட்டால் அது கசிந்து அலுமினியத்தைத் தின்னும். சாதாரண மரைன் பிளைவுட்டை வெட்டி, எல்லா ஓரங்களிலும் எபாக்சி பூசி மாட்டினோம்.

இனி மிதப்பு. மரத்தோணி நீர் நிறைந்தாலும் முழுக மறுக்கும். அலுமினியப் படகு நேரே தரைக்குப் போகும். 60 கிலோ அலுமினியம் விலக்கும் நீர் 22 லிட்டர். ஆகவே 38 கிலோ கீழே இழுக்கிறது. என்ஜினுக்கு 20 கிலோ. நீரில் கிடந்து படகைப் பற்றிக்கொள்ளும் ஆட்கள் இருவரின் தலை மேலே நிற்க 15 கிலோ. மொத்தம் 73. இறுகிய நுரைப்பஞ்சு 100 லிட்டர் இருந்தால் ஏறக்குறைய 97 கிலோ தாங்கும். நாங்கள் 150 லிட்டர் வைத்தோம். இருக்கைகளின் கீழிருந்த பழைய பஞ்சைப் பிடுங்கியபோது ஈரத்துணிபோல் கனத்தது, பிழிந்தால் உப்புத்தண்ணீர். அது ஒட்டியிருந்த இடமெல்லாம் தகட்டில் அம்மைத் தழும்பு.

கடைசியில் வந்தது காகாவோடு ஒரு மனத்தாங்கல். தம் பெரிய படகுக்குப் பூசி மிஞ்சிய சிவப்புப் பெயின்ட்டைக் காகா அன்போடு தூக்கி வந்தார். சிப்பி ஒட்டாதிருக்கப் பூசும் பெயின்ட் அது. அதன் சரக்கே செம்பு ஆக்சைடு. வேண்டாம் என்றேன். நாற்பது ஆண்டு கடலில் இருப்பவரிடம் நேற்றுப் பிறந்த பையன் சொல்வதா? முகம் வாடிவிட்டது. நான் வாதாடவில்லை. முன்பே இரண்டு ஊறுகாய் ஜாடிகளில் கழிமுக நீரை ஊற்றி, ஒன்றில் வெறும் அலுமினியத் துண்டும், மற்றதில் பித்தளைப் போல்ட்டு முடுக்கிய துண்டும் போட்டுவைத்திருந்தேன். மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முதல் துண்டு சற்று மங்கியிருந்தது. இரண்டாவதில் போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவும் குழிகளும். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். செம்பும் பித்தளைக்கு அண்ணன்தான் என்றேன். ஒன்றும் பேசாமல் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் அலுமினியத்துக்கென்று விற்கும் பிரைமரோடு வந்தார். தகட்டைத் தேய்த்துத் துடைத்த கையோடு, ஈரக்காற்று படுமுன் அதைப் பூசவேண்டும். பூசினோம், மேலே இரண்டு கோட் எனாமல். நிறம் அம்மாவின் தேர்வு: நீலம்.

ஜூன் முதல் வாரத்தில், மழைக்கு முன்னால், ஏற்றநீர் பார்த்து இறக்கினோம். காகாவும் மகனும் துடுப்பெடுத்தார்கள். அப்பா நடு இருக்கையில் உட்கார்ந்து, கரையைப் பார்க்காமல், குனிந்து அடித்தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி கழித்துத் திரும்பியதும் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பின்பலகைக்கு அருகே ஒரு ரிவிட்டைச் சுற்றி வட்டமிட்டார். நாற்பத்திரண்டாவது. மழைக்காலத்தில் படகு கரையில்தான் இருக்கும்; அதை அப்போது அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, நல்ல தண்ணீர் இரண்டு குடம் கொண்டுவரச் சொன்னார், உப்பைக் கழுவ.