எழுத்தை மாற்றப் போய்த் தொகை மாறிய கதை

சுசீந்திரம் கோயிலில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். மொழி நம் மொழிதான். ஆனால் அவ்வெழுத்தைப் பயிலாதவரால் படிக்க இயலாது. தெரிந்த எழுத்தென்று எண்ணித் தவறாகப் படித்துவிடுவதும் உண்டு. கணிப்பொறிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும்போதும் இதே தொல்லைதான்.

கணிப்பொறி அறிந்தது எண் மட்டுமே. எட்டு பிட்டுகள் கொண்ட ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண் இருக்கும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது நாம் செய்துகொண்ட ஏற்பாடு. 1963இல் வெளியான ஆஸ்கி அட்டவணையில் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு 65. ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் அறிவித்த 360 வரிசைப் பொறிகளின் எப்சிடிக் அட்டவணையிலோ 193! சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் நிறுவிய 370 பொறி எப்சிடிக் மரபினது. 1988இல் வந்த நடுத்தரப் பொறியான ஏ.எஸ்./400உம் அதன் இன்றைய வாரிசுகளும் அம்மரபினவே.

எண்ணுக்கு எண் மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். எழுத்துக்குப் போதும். தொகைக்கு?

தோவாளைப் பூ வியாபாரி ஒருவரின் கணக்கில் 40,400 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்பொறிகளில் தொகையை நெருக்கி எழுதும் முறை ஒன்று உண்டு. பைட்டை இரு பாதியாக்கிப் பாதிக்கு ஓர் இலக்கம் வைப்பார்கள். கடைசிப் பாதியில் கூட்டல் குறிக்காக 12. ஆகவே நம் தொகைக்கு மூன்று பைட்டுகள் போதும். முதல் பைட்டில் 4, 0. அதாவது 0100 0000. இதையே ஒரே எண்ணாகப் படித்தால் 64. எப்சிடிக்கில் 64 என்பது சொற்களுக்கு நடுவே விடும் வெற்றிடம். மாற்றும் நிரலுக்கு இது தொகை என்று தெரியாது. வெற்றிடம் என்றே கருதி, ஆஸ்கியில் அதற்குரிய 32ஐ எழுதிவிடும். அது 0010 0000. இலக்கமாகப் படித்துப் பாருங்கள்: 2, 0! இரண்டாம் பைட்டுக்கும் இதே கதி. மூன்றாவது 0000 1100, அதாவது 12. இரு அட்டவணைகளிலும் அது 'அடுத்த பக்கம் செல்' என்று அச்சுப்பொறிக்கு இடும் ஆணை, எனவே மாறாது. போய்ச் சேர்ந்த தொகை 20,200 ரூபாய். சரிபாதி போயிற்று. கணிப்பொறி ஒரு முணுமுணுப்பும் செய்யாது. எழுத்துக் குழம்பினால் கண்ணில் படும். இது கணக்குக் கேட்கும் நாளில்தான் தெரியவரும்.

வழி இரண்டு. அனுப்புமுன்பே தொகையைச் சாதாரண இலக்க எழுத்துகளாக விரித்துவிடலாம். எப்சிடிக்கில் 240 முதல் 249 வரை உள்ள இலக்கங்கள் ஆஸ்கியில் 48 முதல் 57 வரையாகப் பிழையின்றி மாறும். அல்லது பைட்டுகளைத் தொடாமல் அப்படியே அனுப்பி, பெறுமிடத்தில் எழுத்தையும் தொகையையும் தனித்தனியே பிரித்துக்கொள்ளலாம். முதல் வழியே எனக்குப் பிடித்தது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாமே.

தமிழ்ப் பெயர்களில் சிக்கல் வேறு வகை. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியீடுகளையும், 2010இல் யூனிகோடையும் ஏற்றது. யூ.டி.எப்.-8 முறையில் 'க' என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள். ஏ.எஸ்./400 மரபில் கோப்போடு ஓர் அட்டவணை எண்ணையும் சீட்டுப்போல ஒட்டிவைப்பார்கள்: ஆங்கில எப்சிடிக்குக்கு 37, யூ.டி.எப்.-8க்கு 1208. தமிழ்க் கோப்பில் தவறாக 37 என்ற சீட்டு ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டாம். பைட்டுகள் கெடவில்லை, சீட்டைத் திருத்தினால் பெயர் திரும்பிவிடும். ஆனால் கோப்பையே 37க்கு மாற்றிவிட்டாலோ, அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லை. எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் ஒரே மாற்றுக்குறிதான் விழும். அந்தக் குறியிலிருந்து முருகனையும் மேரியையும் பிரித்தெடுக்க எந்த நிரலாலும் ஆகாது. அசல் கோப்பு பத்திரமாக இருந்தால் மட்டுமே பெயர் மீளும்.