சிறு நூலும் பெருந்துணையும்

நூல்களைக் கற்பதால் அறிவு வளரும் என்பதை யாவரும் அறிவர். ஆயினும், நூலைக் கண்டதும் அஞ்சி ஒதுங்கும் மாணவரும் உளர். அவர்களைச் சோம்பர் என்று இகழ்தல் எளிது. அவர்தம் இடரை அறிந்து துணைசெய்தலே அரிது.

பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதே அவனுக்குக் கடினம். அவன் வயதினர் படிக்கும் நாவலோ பருத்த நூல்; சில பக்கங்களிலேயே களைத்து விடுகிறான். அவனால் படிக்கத்தக்க நூலோ முயலும் ஆமையும் பேசும் குழந்தைக் கதை. அதனைப் பிறர் காணக் கையிலெடுக்க நாணுகிறான். இவ்விரண்டிற்கும் இடையே ஏற்ற நூல் கிட்டாவிடின், அவன் படிப்பையே கைவிடவும் கூடும். அவனுக்கு வேண்டுவது மொழியில் எளிமையும் பொருளில் முதிர்ச்சியும் உடைய நூலாகும்.

இக்குறையை நீக்கும் பொருட்டு, 1998ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பாரிங்டன் ஸ்டோக் என்னும் பதிப்பகம் தோன்றியது. டிஸ்லெக்சியா எனப்படும் படிப்பிடர் உடையோரையும், படிக்க விரும்பாதோரையும் கருதி அது நூல்களை வெளியிடலாயிற்று. தேர்ந்த எழுத்தாளர்களே அவற்றை எழுதினர். அத்தியாயங்கள் சிறியன, வாக்கியங்கள் தெளிவானவை. கண் கூசாதவாறு தாள் வெளிர்மஞ்சள் நிறத்தில் அமைந்தது. வரிகளுக்கிடையே போதிய இடைவெளியும் விடப்பட்டது. அச்சிடுமுன் கதையைச் சிறுவர்களிடமே படிக்கக் கொடுத்து, அவர்கள் தடுமாறிய இடங்களைத் திருத்துவதும் அப்பதிப்பகத்தார் வழக்கமாயிருந்தது.

எளிய நூல் சிறந்த இலக்கியமாகுமா என்று சிலர் ஐயுறலாம். அந்தோணி மக்கோவன் எழுதி, 2019இல் அங்கு வெளிவந்த ‘வானம்பாடி’ என்னும் பொருள்படும் ‘லார்க்’ என்ற குறுநாவலே அதற்கு விடை. சகோதரர் இருவர் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் நடந்து செல்கையில் பனியில் சிக்குகின்றனர். தம்பி காயமுறுகிறான், அவனைக் காக்கும் பொறுப்பு அறிவுவளர்ச்சி குன்றிய அண்ணன்மேல் வீழ்கிறது. அச்சிறு நூல், 1936இல் நிறுவப்பெற்ற கார்னகி பதக்கத்தை 2020இல் பெற்றது.

துன்பத்தை மறைத்துக் கூறும் கதையைவிட, துன்பத்தினிடையே தளராத ஒருவனைக் காட்டும் கதையே இடருற்ற உள்ளத்திற்கு ஊன்றுகோலாகும். மாணவர்களே! உங்கள் வகுப்பில் படிக்கத் தயங்குபவன் எவனேனும் இருப்பின், அவனை நகையாதீர்கள். அவனுக்கேற்ற நூலொன்றைத் தேடிக் கொடுங்கள். ஒரு நூலை முழுவதும் படித்து முடித்தவன், அடுத்த நூலைத் தானே தேடிச் செல்வான்.